எத்தனை ரக்அத் என்று கேட்பதற்கு முன்னால்

ரமலான் பிறை பார்த்த அன்று இரவே எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் தராவீஹ் பற்றி, அதாவது ரமலானில் இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பின் தொழும் தொழுகை பற்றி, இரண்டு கேள்விகள் வந்துவிடும். எந்தப் பள்ளிவாசலில் எத்தனை ரக்அத் (நின்று ஓதி, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து முடிக்கும் ஒரு சுற்று)? எந்தப் பள்ளியில் எத்தனை மணிக்கு முடியும்? முதல் கேள்விக்காக ஊர் இரண்டாகப் பிரிந்து பல வருஷம் ஆகிறது. இருபது தொழுகிற பள்ளிகள் ஒரு பக்கம், எட்டு தொழுது, இரவின் கடைசித் தொழுகையான வித்ரு மூன்றோடு முடிக்கிற தவ்ஹீத் அமைப்புப் பள்ளிகள் இன்னொரு பக்கம். அதற்காக மேடை போட்டுப் பேசியாகிவிட்டது, நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, சொந்தத்துக்குள்ளேயே பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளும் உண்டு. அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் ஹனஃபி மத்ஹப் என்ற சட்ட வழியைப் பின்பற்றும் குடும்பம், இருபதுதான் தொழுகிறேன், எட்டு தொழுகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது.

எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. ஆனால் அதைக் கேட்கிறவர்களைத்தான் நாம் மட்டமாகப் பார்க்கிறோம். "தொழ வரும்போதே எப்ப முடியும்னு கேக்குறியா" என்று பெரியவர்கள் அதட்டிவிடுவார்கள். கேட்பது யார் என்று பாருங்கள். விடியற்காலையில் மார்க்கெட்டில் கடை திறக்க வேண்டியவர், இரவு ட்யூட்டிக்குப் போக வேண்டிய நர்ஸ், மூன்றரை மணிக்கு எழுந்து சஹருக்கு (நோன்புக்கு முந்திய சாப்பாட்டுக்கு) உலை வைக்க வேண்டிய பெண், முழங்கால் தேய்ந்துபோன மாமி. இதே சங்கடம் நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே வந்திருக்கிறது, அப்போது அதட்டு வாங்கியது தொழ வந்தவர் அல்ல, இமாம்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) பெரிய ஆலிம் (மார்க்க அறிஞர்), நபிக்கு மிகவும் பிரியமானவர். அவர் தன் மக்களுக்கு இஷா தொழவைக்கும்போது குர்ஆனின் மிக நீண்ட அத்தியாயமான பகரா சூராவை ஆரம்பித்துவிட்டார். பகல் முழுக்க ஒட்டகங்களை வைத்துத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்த ஒரு மனிதர், தாங்க முடியாமல் பிரிந்து தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். முஆத் அவரைப் பற்றிக் கடுமையாகப் பேச, விஷயம் நபியிடம் போனது. அவர்கள் முஆதைப் பார்த்து "மக்களைக் குழப்பத்தில் தள்ளுகிறீரா?" என்று மூன்று முறை கேட்டார்கள். ஸப்பிஹிஸ்ம, வஷ்ஷம்ஸ், வல்லைல் மாதிரியான சின்ன சூராக்களை ஓதக்கூடாதா, உமக்குப் பின்னால் முதியவரும் பலவீனரும் வேலை இருப்பவரும் நிற்கிறார்களே என்றார்கள். அது ஃபர்ளான (கட்டாயக் கடமையான) தொழுகை, தராவீஹ் இல்லை, அதனால் இதை அப்படியே பொருத்த முடியாது என்று எங்கள் ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) ஒருவர் சொன்னார். சரி, சட்டம் வேறாக இருக்கட்டும், ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தைப் பாருங்கள். பின்னால் நிற்கும் முதியவர் இஷாவில் மட்டும் முதியவராக இருந்துவிட்டு தராவீஹில் வாலிபராகிவிடுவதில்லை.

நேரம் என்று வரும்போது நாம் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறோம், அந்த நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதீனா அச்சுக் குர்ஆனில் 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி. குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்றான ஜுஸ்உ ஏறக்குறைய 20 பக்கம். 20 ரக்அத்தில் ஒரு ஜுஸ்உ முடிக்க வேண்டும் என்றால் ரக்அத்துக்கு ஒரு பக்கம். நிதானமாக, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதினால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஆகும். கொஞ்சம் விரைந்து, ஆனால் எழுத்து சிதையாமல் ஓதினால் இரண்டு நிமிஷம். ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் அல்ஹம்து சூராவுக்கு அரை நிமிஷம் வையுங்கள். ருகூவு (குனிவது), நிமிர்ந்து நிற்பது, இரண்டு ஸஜ்தா (நெற்றியைத் தரையில் வைப்பது), நடுவில் உட்கார்வது எல்லாவற்றுக்கும் சேர்த்து முக்கால் நிமிஷம். இரண்டு ரக்அத்துக்கு ஒரு முறை அத்தஹிய்யாத், ஸலவாத், சலாம் என்று ஒரு நிமிஷம். இப்படிப் பார்த்தால் இரண்டு நிமிஷப் பக்கத்துக்கே தராவீஹ் மட்டும் ஒன்றேகால் மணி நேரம். இஷாவையும் அதன் சுன்னத்தையும், வித்ரையும், நான்கு ரக்அத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதுவதையும் சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

இப்போது 8.30-க்கு இஷா தக்பீர் கட்டி, ஒரு ஜுஸ்உம் 20 ரக்அத்தும் வித்ரும் முடிந்து 9.45-க்கு வாசலில் செருப்பு தேடுகிற பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். இஷாவுக்கும் வித்ருக்கும் உரியதைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால், குர்ஆனின் ஒரு பக்கத்துக்கு முக்கால் நிமிஷம்கூட மிஞ்சவில்லை. 15 வரி, முக்கால் நிமிஷம். அதுவும் ருகூவையும் ஸஜ்தாவையும் அப்படியே முழுசாக வைத்துக்கொண்டால். நடைமுறையில் அவையும் சுருங்கிவிடுகின்றன. நெற்றி தரையில் பட்டு ஸுப்ஹான ரப்பியல் அஃலா ஒரு தடவை சொல்வதற்குள் அடுத்த தக்பீர் வந்துவிடுகிறது. திரைக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களுக்கு ஸ்பீக்கரில் வருவது ஆயத்தின் (வசனத்தின்) கடைசி எழுத்து மட்டும்தான், ஊன், ஈன், ஊன், ஈன் என்று. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தொழவைக்கிற அந்த ஹாபிழ் பையன்கள் சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய் மதரஸாவில் தங்கி, வருஷக்கணக்கில் ராப்பகலாகக் குர்ஆனை மனனம் செய்தவர்கள். அவர்களுக்கு நிதானமாக ஓதத் தெரியாமல் இல்லை. நாம் கொடுக்கிற நேரத்துக்குள் நாம் கேட்கிற அளவை முடிக்கச் சொன்னால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஆக, இரண்டு பக்கமும் நெருக்குகிறோம். நேரம் குறைவாக இருக்க வேண்டும், அளவும் குறையக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது ஓதல்.

இதில் நபியும் அவர்களின் தோழர்களான ஸஹாபாக்களும் எப்படி நின்றார்கள் என்று படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது. நபி (ஸல்) அவர்கள் ரமலானில் ஒரு இரவு பள்ளியில் தொழ, சிலர் பின்னால் நின்றார்கள். மறுநாள் கூட்டம் கூடியது. பிறகு பள்ளி கொள்ளாத அளவு ஆனபோது அவர்கள் வெளியே வரவே இல்லை. உங்கள் மீது இது கடமையாக்கப்பட்டுவிடுமோ என்று பயந்தேன் என்று காலையில் சொன்னார்கள். அபூதர் (ரலி) சொல்லும் இன்னொரு செய்தி இருக்கிறது. ஒரு ரமலானில் கடைசி ஏழு நாள் மிச்சமிருந்தபோது நபி இரவில் மூன்றில் ஒரு பங்கு போகும் வரை தொழவைத்தார்கள். அடுத்த இரவு இல்லை. அதற்கடுத்த இரவு பாதி இரவு வரை. "மிச்ச இரவையும் தொழவைத்திருக்கலாமே" என்று தோழர்கள் ஏங்கியபோது, இமாம் முடித்துத் திரும்பும் வரை அவரோடு நின்றவருக்கு முழு இரவும் நின்ற நன்மை எழுதப்படும் என்றார்கள். பிறகு மூன்று நாள் மிச்சமிருந்த இரவில் தன் குடும்பத்தாரையும் பெண்களையும் அழைத்துக்கொண்டு, சஹர் தவறிவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு நீட்டித் தொழவைத்தார்கள்.

ஒரே ரமலானில், ஒரே இமாம், மூன்று இரவுக்கு மூன்று நீளம். நடு நடுவே ஓய்வு விட்டு. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது.

அபூதர் சொல்லும் அந்த ஹதீஸின் (நபிமொழியின்) நடுவில் வரும் வாக்கியத்தை நம் ஊரில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாதியில் எழுந்து போகிறவர்களைப் பார்த்து "இமாமோடு கடைசி வரை நின்னாத்தானே முழு இரவு நன்மை" என்று சொல்லுவார்கள். அதே வாக்கியத்தை நான் இமாமின் பக்கம் திருப்பிப் படிக்கிறேன். முழு இரவின் நன்மை கடைசி வரை நிற்பதில்தான் இருக்கிறது என்றால், பலவீனமானவரும் கடைசி வரை நிற்கும்படியான நீளத்தை வைப்பது யார் பொறுப்பு? எட்டாவது ரக்அத்தில் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட மாமியின் பொறுப்பா, தொழவைப்பவரின் பொறுப்பா?

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) காலத்துக்கு வந்தால், மதீனாப் பள்ளியில் தனித்தனியாகவும் சிறு சிறு கூட்டமாகவும் தொழுதுகொண்டிருந்தவர்களை உபை இப்னு கஅப் (ரலி) பின்னால் அவர் ஒன்று சேர்த்தார். இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் இது பற்றி அடுத்தடுத்து சில செய்திகள் உள்ளன. ஒன்றில் வித்ரோடு சேர்த்து 11 ரக்அத், ஓதுபவர் நூற்றுக்கணக்கான ஆயத்துகள் கொண்ட சூராக்களை ஓதுவார், நிற்கும் நேரம் நீண்டுபோய் நாங்கள் கைத்தடி ஊன்றி நிற்போம், விடியல் நெருங்கும்போதுதான் திரும்புவோம் என்று வருகிறது. இன்னொன்றில் உமர் காலத்தில் மக்கள் வித்ரோடு சேர்த்து 23 ரக்அத் நின்றார்கள் என்று வருகிறது. நம் இரண்டு அணிகளும் ஆளுக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டை போடுவது இந்த இரண்டையும் வைத்துத்தான். நான் நின்றுபோனது மூன்றாவது செய்தியில். ஓதுபவர் பகரா சூராவை எட்டு ரக்அத்தில் ஓதுவார், அதையே பன்னிரண்டு ரக்அத்தில் ஓதினால் இன்றைக்கு லேசாக்கிவிட்டார் என்று மக்கள் நினைப்பார்கள் என்று அல்அஃரஜ் என்ற தாபியீ (ஸஹாபாக்களுக்கு அடுத்த தலைமுறைக்காரர்) சொல்கிறார். பகரா என்றால் 286 ஆயத்து, இரண்டு ஜுஸ்உக்கு மேல். ரக்அத் கூடினால் அவர்களுக்கு லேசு! ஒவ்வொரு நிலையும் குட்டையாகிவிடுமே, அடிக்கடி குனிந்து எழுந்தால் கால் ஆறுமே. நமக்கு ரக்அத் குறைந்தால்தான் லேசு, ஏனென்றால் நாம் ஒவ்வொரு ரக்அத்தையும் ஏற்கெனவே குட்டையாக்கிவிட்டோம்.

பிற்கால அறிஞர் இப்னு தைமிய்யாவும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார். ஒரே நிலையில் நெடுநேரம் நிற்பது மக்களுக்குக் கஷ்டமாக இருந்ததால் உபை ரக்அத்துகளைக் கூட்டி நிலையைச் சுருக்கினார், மக்களின் நிலையைப் பொறுத்து இரண்டும் நல்லதே என்கிறார். அவருக்கு ஐந்து நூற்றாண்டு முந்திய இமாம் ஷாஃபிஈ, மதீனாவில் 39-ம் மக்காவில் 23-ம் தொழுவதைக் கண்ணால் பார்த்தவர். இதில் எந்த நெருக்கடியும் இல்லை, நிலையை நீட்டி ஸஜ்தாக்களைக் குறைத்தால் நல்லது, அதுவே எனக்குப் பிரியமானது, ருகூவையும் ஸஜ்தாவையும் கூட்டினாலும் நல்லதே என்ற கருத்தில் அவர் பேசியிருக்கிறார். மதீனாக்காரர்களின் அந்தப் பெரிய எண்ணிக்கைக்கு ஒரு அழகான காரணம் சொல்வார்கள். மக்காவில் ஒவ்வொரு நான்கு ரக்அத்துக்கும் நடுவில் ஓய்வெடுக்கும் நேரத்தில் கஅபாவைச் சுற்றித் தவாஃப் செய்வார்கள். மதீனாவில் கஅபா இல்லையே. அந்தத் தவாஃபுக்கு ஈடாக இவர்கள் ஒவ்வொரு இடைவெளியிலும் நான்கு ரக்அத் தொழுதார்கள். நான்கு இடைவெளிக்குப் பதினாறு, இருபதோடு சேர்த்தால் 36, வித்ரு மூன்று. நன்மையில் பிந்திவிடக்கூடாது என்று ஏங்கியிருக்கிறார்கள்.

இந்தக் காலத்திலும் எண்ணிக்கை அசையாமல் நிற்கவில்லை. 2020-ல் கொரோனாவின்போது மக்கா, மதீனா இரண்டு ஹரம்களிலும் (புனிதப் பள்ளிகளிலும்) தராவீஹை 10 ரக்அத்தாகக் குறைத்தார்கள், நோய் தணிந்த பிறகும் அதுவே தொடர்ந்தது. டிவியில் ஹரம் தராவீஹ் பார்த்துப் பழகிய எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் ஏற்கவே முடியவில்லை.

அப்புறம் குர்ஆன் தமாம், அதாவது தராவீஹிலேயே முழுக் குர்ஆனையும் ஓதி முடிப்பது. நம் பக்கத்து நெருக்கடியின் வேரே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருபத்தேழாம் இரவில் தமாம் ஆக வேண்டும், நார்சா (பங்கிடும் பண்டம்) கொடுக்க வேண்டும், ஹாபிழுக்கு மரியாதை செய்ய வேண்டும். இதை நான் குறைத்துப் பேசவில்லை. தராவீஹில் ஒரு முறை குர்ஆனை முடிப்பது சுன்னத் என்றுதான் ஹனஃபி நூல்களில் இருக்கிறது. நம் நாட்டு அச்சுக் குர்ஆனில் ஓரத்தில் ஐன் எழுத்துப் போட்டு ருகூவு என்று பத்தி பத்தியாகப் பிரித்திருக்கிறார்களே, அதற்கே புகாரா அறிஞர்கள் 540 என்று கணக்கு வைத்தார்கள் என்று பழைய நூல்களில் வருகிறது. இரவுக்கு 20 ரக்அத், ரக்அத்துக்கு ஒரு ருகூவு, 27 இரவில் 540. இமாம் அபூ ஹனீஃபாவின் கணக்கு இன்னும் எளிது. ரக்அத்துக்கு சுமார் பத்து ஆயத்து ஓதினால் போதும், மாதம் முழுக்க 600 ரக்அத், குர்ஆனில் ஆறாயிரத்துச் சொச்சம் ஆயத்து, தானாக முடிந்துவிடும். பத்து ஆயத்து என்பதே மக்களுக்கு லேசாக இருக்கட்டும் என்று வைத்ததுதான்.

மக்களின் சோம்பலுக்காகத் தமாமை விட்டுவிடக் கூடாது என்றும் அதே நூல்களில் உண்டு. இதை என்னிடம் எடுத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே மத்ஹபில் இமாம் காஸானீ, தன் காலத்து மக்களின் நிலையைப் பார்த்து, ஜமாஅத்தை (கூட்டுத் தொழுகையை) விட்டு விரண்டோடாத அளவுக்கு ஓதுவதே இமாமுக்கு மேலானது, ஓதலை நீட்டுவதை விடக் கூட்டம் சேர்வது சிறந்தது என்று எழுதியிருக்கிறார். அவர் 12-ஆம் நூற்றாண்டுக்காரர். எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். சோம்பல் என்று யாருடைய களைப்பைச் சொல்கிறோம்? பகலெல்லாம் நோன்போடு சித்தாள் வேலை பார்த்துவிட்டு வந்து நிற்கிறவரின் களைப்புக்குச் சோம்பல் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீளம் பற்றிய பேச்சில் எங்களை யாரும் கேட்பதில்லை. அஸருக்குப் பிறகு அடுப்படிக்குள் போனால் வடை, சமோசா, பள்ளியிலிருந்து வந்த கஞ்சியைப் பங்கு வைப்பது, நோன்பு திறந்த கையோடு பாத்திரம், அதற்குள் மஃக்ரிப், இரவுச் சாப்பாடு, குழந்தைகளைத் தூங்க வைத்தால் ஒன்பது மணிக்கு மதரஸா ஹாலில் தராவீஹ். சில பெண்கள் கைக்குழந்தையோடு வருகிறார்கள். தொழுகையை நீட்டும் எண்ணத்தோடு நிற்கிறேன், ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்கிறது, அதன் தாய்க்குச் சிரமமாக இருக்குமே என்று சுருக்கிவிடுகிறேன் என்று நபி (ஸல்) அவர்களே சொன்னதாக புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆண்கள் வரிசைக்குப் பின்னால் நின்ற ஒரு தாயின் மனசை முன்னால் நின்ற இமாம் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். உமர் (ரலி) ஆண்களுக்கு உபையை நியமித்தபோது பெண்களுக்கென்று சுலைமான் இப்னு அபீ ஹத்மா என்பவரைத் தனியாக நியமித்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. எங்கள் ஹாலில் குழந்தை அழுதால் தாயைத்தான் முறைக்கிறார்கள்.

2025 மார்ச்சில் ரமலானும் ப்ளஸ் டூ பொதுத்தேர்வும் ஒன்றாக வந்தன. பரீட்சை எழுதிய பிள்ளைகள் நோன்பும் வைத்து, இஷா ஜமாஅத்துக்கும் வந்து, நாலு ரக்அத்தோ எட்டு ரக்அத்தோ தொழுதுவிட்டுப் படிக்க ஓடின. அவர்களைப் பார்த்து யாராவது முகம் சுளித்திருந்தால் தயவுசெய்து இனி வேண்டாம். லண்டனில் இருக்கும் என் மாமா மகள் சொல்லித்தான் இன்னொரு கஷ்டம் எனக்குத் தெரியும். ஜூனில் ரமலான் வந்த வருஷங்களில் அங்கே சூரியன் மறையவே 9.20 ஆகிவிடும். இஷா அதற்கு வெகுநேரம் கழித்து. தராவீஹ் நள்ளிரவைத் தாண்டும், மூன்று மணிக்குள் சஹரை முடித்தாக வேண்டும், காலையில் வேலை. நாம் இங்கே நீளம் என்று பேசுவதற்கு அங்கே வேறு எடை.

இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பிளிட்டார் பக்கம் ஒரு மதரஸாவில் 23 ரக்அத்தைச் சுமார் பத்து நிமிஷத்தில் முடிக்கிறார்கள். வருஷா வருஷம் அந்த வீடியோ வரும், பார்த்துவிட்டுச் சிரிப்பு ஸ்மைலி போடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயல் வேலை செய்து களைத்தவர்கள் தராவீஹை அடியோடு விட்டுவிடக் கூடாது என்றுதான் இதைத் தொடங்கினார்கள் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் காரணம், அந்த அக்கறை உண்மையானது. ஆனால் வழி அதுவல்ல என்றே நினைக்கிறேன். அவசரமாகத் தொழுத ஒரு மனிதரை நபி (ஸல்) அவர்கள் "திரும்பப் போய்த் தொழு, நீ தொழவில்லை" என்று மறுபடி மறுபடி அனுப்பிவிட்டு, ருகூவில் உடம்பு அமைதியாகும் வரை இரு, ஸஜ்தாவில் அமைதியாகும் வரை இரு என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவருக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பத்து நிமிஷத்தில் நான்கு ரக்அத்தை அமைதியாகத் தொழுதுவிட்டுப் போகட்டும். எண்ணிக்கைக்காக அமைதியைக் கொடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

நீட்டித் தொழ ஆசைப்படுகிறவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. மக்களுக்குத் தொழவைப்பவர் லேசாக்கட்டும், தனியாகத் தொழுபவர் விரும்பிய அளவு நீட்டிக்கொள்ளட்டும் என்பது நபிமொழி. நபி (ஸல்) அவர்கள் தனியே தொழுத இரவுகளின் நீளம் நமக்கு எட்டாதது. ஒரு இரவு ஹுதைஃபா (ரலி) பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். பகரா ஆரம்பித்தது, நூறாவது ஆயத்தில் ருகூவு செய்வார்கள் என்று நினைத்தார், போய்க்கொண்டே இருந்தது. பகரா முடிந்து நிஸா, நிஸா முடிந்து ஆலு இம்ரான், எல்லாம் ஒரே ரக்அத்தில். அதுவும் நிதானமாக, தஸ்பீஹ் வரும் ஆயத்தில் தஸ்பீஹ் சொல்லி, துஆ வரும் ஆயத்தில் துஆ கேட்டு. இன்னொரு இரவில் நின்ற இப்னு மஸ்ஊத் (ரலி), தொழுகையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்துவிட்டேன் என்று பிற்பாடு சொன்னார். அப்படிப்பட்ட நபிதான், மனைவி ஸைனப் (ரலி) களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகப் பள்ளித் தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து, அவிழ்த்துவிடுங்கள், தெம்பு இருக்கும்வரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள்.

முஸ்ஸம்மில் சூராவை எடுத்துப் பாருங்கள். முதல் ஆயத்துகளில் இரவில் எழுந்து நில், பாதி இரவு, அதைவிடக் கொஞ்சம் குறைத்தோ கூட்டியோ, குர்ஆனை நிறுத்தி நிதானமாக ஓது என்று கட்டளை. அதே சூராவின் கடைசி ஆயத்தில், உங்களில் நோயாளிகள் இருப்பார்கள், பிழைப்புக்காகப் பூமியில் பயணம் போகிறவர்கள் இருப்பார்கள், அல்லாஹ்வின் பாதையில் போரிடுகிறவர்கள் இருப்பார்கள் என்று அல்லாஹ் அறிவான், ஆகவே குர்ஆனில் முடிந்ததை ஓதுங்கள் என்று வருகிறது. தளர்த்தப்பட்டது அளவு. நிதானமாக ஓது என்ற சொல்லை அந்தக் கடைசி ஆயத்து தொடவில்லை. அதை நாம்தான் தொட்டுவிட்டோம்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு போன ரமலானுக்கு முன்னால் எங்கள் மதரஸா பெண்கள் சிலர் ஹஜ்ரத்திடம் பேசினோம். இருபதைக் குறைக்க வேண்டாம், ஓதும் அளவைப் பாதியாக்கலாம், இரவுக்கு அரை ஜுஸ்உ, ரக்அத்துக்கு அரைப் பக்கம், ஆனால் நிதானமாக. அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தமாம் இல்லாத ரமலானா என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து, தமாம் வேண்டும் என்கிறவர்கள் அவரவர் வீட்டில் ஓதி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார். தொடங்கும் முன், அன்றைக்கு ஓதப்போகும் பகுதியில் என்ன வருகிறது என்று ஒரு ஆலிமா ஐந்து நிமிஷம் தமிழில் சொன்னார். யூசுஃப் சூரா வந்த இரவில், யஃகூப் நபி மகனை நினைத்து அழுது கண் வெளுத்துப்போன ஆயத்து வந்தபோது எங்கள் வரிசையில் பல பேருக்கு அழுகை வந்துவிட்டது. துபாயிலும் சவூதியிலும் பிள்ளைகளை விட்டுவிட்டு நிற்கிற தாய்மார்கள்தானே. முன்பும் அந்த ஆயத்து வருஷா வருஷம் எங்களைக் கடந்துதான் போயிருக்கும்.

நேரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. முன்பு முடிந்த அதே நேரத்துக்குத்தான் முடிந்தது. உட்கார்ந்து தொழுகிற மாமிகளுக்கு நாற்காலி போட்டோம், குழந்தைகளுக்கு ஒரு அறை, அதைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள். கடைசிப் பத்தில் இரவு இரண்டரை மணிக்கு வர முடிந்தவர்கள் மட்டும் வந்து நீட்டித் தொழுதார்கள். தூங்கிவிட்டுப் பின்னால் எழுந்து தொழும் நேரம், இப்போது நிற்கும் நேரத்தை விடச் சிறந்தது என்று உமர் (ரலி) உபை தொழவைத்த அந்த ஜமாஅத்தைப் பார்த்தே சொன்னதாக புகாரியில் வருகிறது, அதை ஆலிமா படித்துக் காட்டினார். கூட்டம் சின்னதுதான், ஆனால் ஸஜ்தாவில் யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஹாபிழ் தம்பியும், இந்த வருஷம்தான் மதரஸாவில் உஸ்தாதிடம் ஓதிய மாதிரியே ஓத முடிந்தது என்று ஹஜ்ரத்திடம் சொல்லியிருக்கிறார்.

ஓதல் கஹ்ஃபு சூரா வரை வந்து நின்றது. அடுத்த ரமலானில் அங்கிருந்து தொடர்வதா, மறுபடி பகராவிலிருந்து ஆரம்பிப்பதா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. எனக்கு மர்யமும் தாஹாவும் கஸஸும் இருக்கும் இரண்டாம் பாதியை அதே நிதானத்தில் கேட்க ஆசை. எங்கள் நன்னிக்கு (பாட்டிக்கு) ஆலு இம்ரானை இன்னொரு தடவை கேட்க வேண்டுமாம்.